புல்லட்டுக்கு வயசாயிருச்சா? - கொற்கை அப்பாவும் ஓர் அதிர்வின் கதையும்

பின்னால் ஒரு லாரிதான் வந்துகொண்டிருந்தது. புல்லட்டின் கண்ணாடியில் அது மூன்று லாரியாகத் தெரிந்தது.

காலை ஆறு மணி. கொற்கையிலிருந்து ஏரலுக்குப் போகும் சாலை. வண்டியின் பின்னால் வாழை இலைக் கட்டு. ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு 63 வயது. கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்து துண்டால் துடைத்துப் பார்த்தார். அப்போதும் மூன்று லாரிதான். கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தாங்கிய ஹேண்டில்பாரும், அதைப் பிடித்திருந்த கையும் நடுங்கிக்கொண்டிருந்தன.

லாரிக்கு வழிவிட வேகத்தைக் குறைக்க நினைத்தார். வலது கை விரல்கள் முன் பிரேக்கைப் பிடித்தன. ஆனால், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியவில்லை. காலால் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரங்கட்டி, பாலத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். விரல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உணர்வு திரும்பக் கால் மணி நேரம் ஆனது.

வீட்டில் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால், அன்று மதியம் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்ததை மனைவி பார்த்துவிட்டார். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போனது. சனிக்கிழமை ராத்திரியே மகன் வந்து இறங்கினார்.

"வித்துருவோம்ப்பா. வண்டிக்கும் வயசாயிருச்சு, உங்களுக்கும் வயசாயிருச்சு."

அப்பா பதில் பேசவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

33 வருஷ உறவு

1988 மாடல் புல்லட் 350. 1991-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மகளையும் மகனையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தது, ஆத்தூர்ச் சந்தைக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போனது எல்லாம் அதில்தான். ஒரு நடுராத்திரி அவருடைய அம்மாவை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே வண்டியில்தான்.

அந்த வண்டியும் தமிழ்நாட்டில் பிறந்ததுதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் உருவானது. இங்கிலாந்தில் அந்த கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே தயாரிப்பு நிற்கவில்லை. அதனால்தான் பழைய புல்லட்டுக்கு உதிரி பாகங்களும், அதன் மனசு தெரிந்த மெக்கானிக்குகளும் தென்மாவட்டக் கிராமங்களில்கூட இன்றும் கிடைக்கிறார்கள்.

புல்லட் நடுங்கத்தான் செய்யும். அது அப்பாவுக்கும் தெரியும். 33 வருஷமாக அந்த நடுக்கத்தோடுதான் ஓட்டினார். ஆனால், இது வேறு நடுக்கம். டெயில் லைட் பல்பு இரண்டு மாதத்தில் மூன்று முறை அணைந்துபோனது. பின் மட்கார்டைத் தாங்கும் கம்பியில் ஒரு கீறல் விழுந்தது. நம்பர் பிளேட்டின் ஒரு போல்ட் எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

முதலில் கைப்பிடியில் தடிமனான பஞ்சு கிரிப் மாட்டிக்கொடுத்தார் மகன். ஒரு வாரம் சுகமாக இருந்தது. பிறகு பழைய கதைதான். அடுத்து, ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினார்கள். இன்ஜின் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "கிராங்க் போயிருச்சு. இன்ஜினை இறக்கணும். 15,000 ஆகும்" என்றார்கள். பழைய புல்லட் வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து விலை பேசினார். மகன் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஒரே ஒருத்தர்ட்ட காட்டிட்டு, அப்புறம் ஒன் இஷ்டம்ல" என்றார் அப்பா.

'வெள்ளத்துக்குப் பின்னாலயா, வேலைக்குப் பின்னாலயா?'

ஆத்தூர் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, பழைய புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் அவர். அப்பாவைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இருங்க அண்ணாச்சி. எப்போருந்து இப்பிடி?"

"வெள்ளத்துக்குப் பின்னாலதான்."

தாமிரபரணிக் கரையில் 'வெள்ளம்' என்றால் எந்த வெள்ளம் என்று யாரும் கேட்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆற்று வெள்ளத்தில் ஏரல் பாலம் சேதமடைந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், முக்காணி சுற்றுவட்டாரமே தண்ணீரில் நின்றது. இந்த வீட்டிலும் புல்லட் டாங்க் மட்டத்துக்குத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தது.

அன்று அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். தண்ணீர் வடிந்ததும் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால், அமுங்காத தண்ணீரோடு பிஸ்டன் மோதும். கனெக்டிங் ராடே வளைந்துபோகலாம். தள்ளிக்கொண்டே ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே சேறு பூசிய வண்டிகள் தெருவரை வரிசையாக நின்றன. ஹெட்டைக் கழற்றி, தண்ணீரையும் சேற்றையும் சுத்தம் செய்து, ரிங் மாற்றி, பாலாகிப்போயிருந்த ஆயிலை இரண்டு முறை மாற்றி, பொங்கல் கழிந்து வண்டி வீட்டுக்கு வந்தது.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்.

"வெள்ளத்துக்குப் பின்னாலயா, வேலை பாத்ததுக்குப் பின்னாலயா?"

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதானே?

"ஒண்ணு இல்ல தம்பி. வெள்ளத்தால வந்ததுன்னா தண்ணி எங்கெல்லாம் போச்சுன்னு தேடணும். வேலையால வந்ததுன்னா கழட்டினதை எல்லாம் திரும்ப மாட்டியிருக்கான்னு பாக்கணும். தேடுற இடமே வேற."

மூன்று சின்னப் பரிசோதனைகள்

அடுத்து செய்ததற்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவைப்படவில்லை. பழைய பைக் வைத்திருக்கும் யாரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றினார். நின்ற இடத்திலேயே நடுக்கம் வந்தது. சக்கரம் சுற்றவில்லை, செயின் ஓடவில்லை. ஆக, சந்தேகம் இன்ஜின் பக்கம்.

இரண்டாவது, ஆளில்லாத சாலையில் அவரே ஓட்டிப் பார்த்தார். 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியர், அதே 40-ல் நான்காவது கியர். சக்கரம் சுற்றும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். இன்ஜின் சுற்றும் வேகம்தான் மாறும். மூன்றாவது கியரில் நடுக்கம் கூடியது, நான்கில் குறைந்தது. கியரோடு சேர்ந்து நடுக்கம் மாறினால் இன்ஜின். கியர் எதுவானாலும் அதே நடுக்கம் என்றால் டயர், வீல், செயின்.

மூன்றாவது, ஓடும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடித்தார். இன்ஜின் வேகம் இறங்கி, வண்டி சும்மா உருண்டது. நடுக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. வீல் மீது பழி இல்லை என்பது உறுதியானது.

திரும்பி வந்தவர் இன்ஜின் ஆயிலை ஒரு தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உலோகத்தூள் மினுங்குகிறதா என்ற பார்வை அது. மினுக்கம் இல்லை. ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினின் அடிப்பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். 'டொக் டொக்' என்ற இடி இல்லை.

"கிராங்க் போயிருந்தா இந்த ரெண்டுல ஒண்ணாவது காட்டிக் கொடுத்திருக்கும். இருந்திருந்தா இன்ஜினை இறக்கணும்னு நானே சொல்லிருப்பேன். மொதல்ல வெளிய பாப்போம். காசு குறைஞ்ச வேலை எல்லாத்தையும் பாத்து முடிச்சப்புறம்தான் காசு கூடின வேலை."

ஏன் நடுங்குகிறது?

வேலை நடக்கும்போது மகன் கேட்டார். "அண்ணாச்சி, புல்லட் மட்டும் ஏன் இவ்வளவு ஆடுது?"

புல்லட் மட்டும் அல்ல, ஒற்றை சிலிண்டர் இன்ஜின் எதுவாக இருந்தாலும் ஆடும். இந்த இன்ஜின் 346 சிசி. உள்ளே 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன், 90 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். அதாவது நொடிக்கு 100 முறை. அந்த வேகத்தில், மேல் முனையில் திரும்பும் கணத்தில் பிஸ்டனின் ஒவ்வொரு கிராமும் 400 கிராமுக்கும் மேல் கனப்பதுபோல இன்ஜினை இழுக்கும். இன்ஜின் வேகம் இரண்டு மடங்கானால், இந்த இழுப்பு நான்கு மடங்காகும்.

ஒரு கையில் தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கினால், உடம்பு தன்னால் மறுபக்கம் சாயும் அல்லவா? அதேபோல, பிஸ்டனுக்கு எதிராகக் கிராங்கில் ஒரு எதிர் எடை வைத்திருப்பார்கள். ஆனால், பிஸ்டன் நேர்கோட்டில் மேலும் கீழும் போகிறது. எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. பிஸ்டனின் இழுப்பு முழுவதையும் எதிர் எடையால் ஈடுகட்டினால், மேலும் கீழும் ஆட்டம் நின்று, முன்னும் பின்னும் ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் ஏறத்தாழ பாதி அளவுக்கு மட்டும் ஈடுகட்டி, மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். பழைய புல்லட்டில் நாம் உணர்வது அந்த மீதியைத்தான். 2020-ல் வந்த மீட்டியார் 350 போன்ற புதிய வண்டிகளில், இந்த மீதியை அடக்குவதற்கென்றே தனியாக 'பேலன்சர் ஷாஃப்ட்' என்ற சுழலும் எடை இருக்கிறது. பழைய இன்ஜினில் அது கிடையாது.

ரீபோர் செய்யும்போது எடை கூடிய வேறு பிஸ்டனைப் போட்டாலும் நடுக்கம் கூடுவது இதனால்தான். இந்த வண்டியில் பிஸ்டன் மாற்றப்படவில்லை. அந்தச் சந்தேகமும் கழிந்தது.

அப்படியானால் பிறவியிலேயே இருந்த நடுக்கம் எப்படித் திடீரென்று இத்தனை மடங்கானது?

டாங்குக்கு அடியில் இல்லாமல்போன பட்டை

பழைய புல்லட்டின் ஃபிரேமைப் பார்த்திருக்கிறீர்களா? இன்ஜினுக்கு அடியில் தாங்கும் குழாய் கிடையாது. முன்பக்கத்தில் இறங்கிவரும் குழாயையும் பின்பக்க ஃபிரேமையும் இணைப்பதே இன்ஜின்தான். ரப்பர் புஷ் எதுவும் இல்லாமல், இரும்போடு இரும்பாக போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்தப் பிடி இறுக்கமாக இருக்கும்வரை, இன்ஜினும் ஃபிரேமும் ஒரே உடம்பு. பிடி தளர்ந்தால், நொடிக்கு 50 முறை இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கும்.

மெக்கானிக் டார்ச் அடித்து முன்பக்க போல்ட்டைக் காட்டினார். போல்ட்டைச் சுற்றி செம்மண் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"இது சேறு இல்ல. இரும்பும் இரும்பும் ஒரசி வந்த துருப்பொடி. இது இருக்கிற எடத்துல ஆட்டம் இருக்குன்னு அர்த்தம்."

வண்டியை ஸ்டார்ட் செய்து, போல்ட்டும் பிளேட்டும் சேரும் இடத்தில் மகனின் விரலை வைக்கச் சொன்னார். இரண்டும் தனித்தனியாக ஆடுவதை விரல் சொன்னது. கழற்றிப் பார்த்தால், துளைக்குப் பொருந்தாத, சற்று மெலிந்த ஒரு போல்ட். கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு பெட்ரோல் டாங்கைக் கழற்றினார். அடியில் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "இங்க பாருங்க அண்ணாச்சி."

அங்கே எதுவும் இல்லை. அதுதான் விஷயம். சிலிண்டர் ஹெட்டையும் மேல் ஃபிரேமையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு சின்ன இரும்புப் பட்டை அங்கே இருந்திருக்க வேண்டும். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். உயரமான இன்ஜினின் தலை ஆடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஹெட்டைக் கழற்றும்போது பட்டையைக் கழற்றியாக வேண்டும். கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஸ்டட்டில் மரை போயிருந்திருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று டாங்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள். டாங்க் ஏறிவிட்டால் வெளியே தெரியாது. அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்.

மகனுக்குக் கோபம் வந்தது. மெக்கானிக் தடுத்தார். "அந்த மாசம் நான் மட்டும் 70 வண்டி பாத்தேன் தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எந்திரிப்போம். நான் எதை விட்டேன்னு எனக்கே தெரியாது."

வெள்ளத்தின் பங்கும் ஒன்று இருந்தது. பாயிண்ட் மூடியைத் திறந்தபோது, உள்ளே தீப்பொறியின் நேரத்தை இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தும் சின்ன எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. விரியும் நிலையிலேயே நின்றுவிட்டதால், குறைந்த வேகத்திலும் பொறி சீக்கிரமே விழுந்துகொண்டிருந்தது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் எரிந்த வாயு அதைக் கீழே தள்ளும். இரண்டும் முட்டிக்கொள்ளும்.

"காலைல ஒதைக்கும்போது கிக்கர் திருப்பி அடிக்குமே?"

"ஆமா! பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு தடவை முழங்கால்ல அடிச்சிருச்சு" என்றார் அப்பா. வயசாகிவிட்டதால் உதைக்கத் தெம்பில்லை என்றே அவர் இதுவரை நினைத்திருந்தார்.

மெக்கானிக் அந்த எடைகளைச் சுத்தம் செய்து, புது ஸ்ப்ரிங் போட்டார். பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து டைமிங் பார்த்தார். இடைவெளி அதிகமானாலும் பொறி முந்திக்கொள்ளும். துளைக்குச் சரியான அளவில் புது போல்ட் போட்டார். லேத் பட்டறையில் ஸ்டட்டுக்குப் புது மரை எடுத்து, பட்டையும் செய்து வாங்கி மாட்டினார். செயினில் ஓர் இடம் இறுகியும் ஓர் இடம் தொய்ந்தும் இருந்தது. இறுகிய இடத்தை வைத்து அளவைச் சரிசெய்தார்.

நான்கு நாள் வேலை. எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய்.

கடைசியாக, வெள்ளை பெயின்டில் ஒரு மெல்லிய குச்சியைத் தோய்த்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிளேட்டுக்கு ஒரு கோடு இழுத்தார். "நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு விலகிரும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடுங்க. 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டாங்க, இறுக்கித் தாரேன்."

மெதுவாக வருவது கண்ணுக்குத் தெரியாது

கொற்கை ஒரு காலத்தில் கடற்கரை ஊர். பாண்டியர்களின் துறைமுகம். இங்கிருந்து முத்து கடல் கடந்து போனது. இன்று ஊரில் நின்று பார்த்தால் வாழைத் தோட்டமும் குளமும்தான் தெரியும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளித் தள்ளி, இன்று அது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே கிடக்கிறது. கடல் ஒரே நாளில் போகவில்லை. அதனால்தான் அது எந்த நாளில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

தளர்ந்த போல்ட்டும் அப்படித்தான். முதல் நாள் பட்டை இல்லாதது தெரியவில்லை. இரண்டாவது வாரம் போல்ட் ஒரு மயிரிழை தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி நடுக்கத்தைக் கூட்டியது, கூடிய நடுக்கம் போல்ட்டை மேலும் தளர்த்தியது. தினமும் ஓட்டுபவருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில், எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கும் ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். வயசாயிருச்சு.

உங்கள் வீட்டிலும் பழைய பைக் ஒன்று இருந்து, அது வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினால், இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள். எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன வேலை நடந்தது? நடுக்கம் கியரோடு மாறுகிறதா, வண்டியின் வேகத்தோடு மட்டும் மாறுகிறதா? இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் இறுக்கமாகவும் சரியான அளவிலும் இருக்கின்றனவா, துருப்பொடி தெரிகிறதா? பிளக், பாயிண்ட், டைமிங், கார்பரேட்டர் சரியா? செயின், ஸ்ப்ராக்கெட், டயர் எப்படி? இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், அல்லது ஆயிலில் உலோகத்தூளும் அடியில் இடிச் சத்தமும் இருந்தால், அப்போது கிராங்கைச் சந்தேகிக்கலாம். நடுக்கம் தெரியாமல் இருக்க கிரிப் மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். கைக்குத் தெரியாவிட்டாலும் ஃபிரேமுக்குத் தெரியும்.

இன்ஜினை நிறுத்திய பிறகும்...

200 கிலோமீட்டர் ஓடிவிட்டு அப்பாவும் மகனும் மறுபடி ஆத்தூருக்குப் போனார்கள். கோடுகள் விலகவில்லை. கண்ணாடியில் ஒரு லாரி ஒரு லாரியாகத்தான் தெரிகிறது. புல்லட்டுக்கே உரிய அந்த நிதானமான துடிப்பு மட்டும்தான் மிச்சம்.

"கை எப்பிடி இருக்கு அண்ணாச்சி?" என்றார் மெக்கானிக், நட்டை இறுக்கியபடியே.

"வண்டி நல்லாருக்கு. கைதான் இன்னும் அப்பப்ப மரத்துப்போகுது. பழகிருச்சு."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "வண்டி இங்க நாலு நாள் நின்னுச்சே, அந்த நாலு நாளும் கை எப்பிடி இருந்துச்சு?"

அப்பா யோசித்தார். "ராத்திரி மரத்துச்சு. காலும் கொஞ்சம் எரியும். அது ரெண்டு வருஷமா இருக்கு. தோட்டத்துல தண்ணிக்குள்ளயே நிக்கோம்லா..."

"கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை அடக்குன பிறகும் நடுக்கம் இருந்தா, அது இன்ஜின் இல்லன்னு சொன்னேம்லா. வண்டி ஓட்டாத நாளும் கை மரத்தா, அது வண்டி இல்ல அண்ணாச்சி. மொதல்ல போய் சுகர் பாருங்க."

மகனுக்குச் சுருக்கென்றது. அம்மா டம்ளர் விழுந்ததைச் சொன்னபோது அவர் வண்டியைத்தான் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள் இருக்கிறார்கள். இந்தத் தெருவுக்கும் வந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் அப்பா தோட்டத்தில் இருந்திருக்கிறார், அல்லது இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இந்த முறை மகன் லீவு போட்டுவிட்டு கூடவே உட்கார்ந்தார். சர்க்கரை 268.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பொறுமையாக விளக்கினார். கவனிக்காமல் விட்ட சர்க்கரை நரம்புகளைப் பாதிக்கும். பெரும்பாலும் பாதத்தில்தான் எரிச்சலாகவும் மரத்துப்போவதாகவும் தொடங்கும். வண்டியின் அதிர்வும் அழுத்திப் பிடித்த பிடியும் கையைப் படுத்தியிருக்கலாம், ஆனால், அது மட்டுமே காரணம் இல்லை. நல்லவேளை, புண் எதுவும் வருவதற்கு முன் வந்துவிட்டீர்கள். மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தினமும் பாதத்தைப் பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. கையில் உணர்வு சரியாகும்வரை வண்டி வேண்டாம்.

கடைசி வரியைக் கேட்டு அப்பா மகனைப் பார்த்தார். மகன் சொன்னார். "விக்க மாட்டேம்ப்பா. நிக்கட்டும். நா வரும்போது ஓட்டுதேன்."

மூன்று மாதம் வாழை இலைக் கட்டுகள் பக்கத்துத் தோட்டக்காரரின் லோடு ஆட்டோவில் போயின. சனிக்கிழமைதோறும் மகன் தூத்துக்குடியிலிருந்து வந்து, அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து முக்காணிவரை ஒரு சுற்று போய்வந்தார். ராத்திரியில் கை மரத்துப்போவது முதலில் குறைந்தது. கால் எரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது முழுதும் போகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. மூன்றாவது மாதப் பரிசோதனையில் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டர் விரல்களைத் தொட்டும் குத்தியும் பார்த்துவிட்டு, "பக்கத்துல மட்டும் ஓட்டுங்க, மெதுவா" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்து நட்டுகளின் வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பார்த்து முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விரல் இடுக்குகளை அம்மா பார்த்துச் சொல்கிறார்.

"கோடு விலகலியா?" என்று மகன் போனில் கேட்பார்.

"விலகலை" என்பார் அப்பா. "மாத்திரையும் போட்டாச்சு."